இயந்திரத்தின் குறியும் காரணமும்

மோட்டார் வண்டியொன்று மேட்டில் ஏறுங்கால் இளைக்கிறது. பின்னால் கரும்புகை எழுகிறது. வேக மிதியை எவ்வளவு அழுத்தினாலும் முன்போல் விரைவதில்லை. உரிமையாளர் அதனைக் கராஜுக்குக் கொண்டு செல்கிறார். பிளக்குகளை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். பெற்றோல் பம்பு பழுது என்கிறார் இன்னொருவர். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தாலன்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்லையும் கேட்டு, மூன்று மாதச் சேமிப்பையும் செலவிட்ட பின்னர், காற்று வடியில் அடைந்திருந்த தூசியே குற்றவாளி என்பது தெரியவருகிறது. கழற்றி எறியப்பட்ட உறுப்புகள் யாவும் நல்ல நிலையில் இருந்தவை.

இத்தகைய வீண்செலவு பெரும்பாலும் குறியைக் காரணமெனக் கொள்வதால் நேர்கிறது. கரும்புகை ஒரு குறி. இளைப்பு மற்றொரு குறி. காய்ச்சல் கண்டவரின் நெற்றியைக் குளிர்ந்த துணியால் ஒற்றுவதோடு அமைந்துவிடும் மருத்துவரை எவரும் தேடிச் செல்வதில்லை. கண்ணுக்குப் புலப்படும் குறியிலிருந்து புலப்படாத காரணத்துக்குப் படிப்படியாகச் செல்வதே பழுது கண்டறியும் கலையாகும். அக்கலை சாதாரணக் காருக்கும், ஒன்றரை லீற்றர் கொள்ளளவில் ஆயிரம் பரிவலுவுக்கு மேல் பிறப்பித்த டர்போப் பந்தய இயந்திரங்களுக்கும் ஒன்றே. பந்தய இயந்திரத்தில் தவறுக்குரிய தண்டனை விரைந்து கிடைக்கும்; வேறுபாடு அவ்வளவே.

முதலில் இயந்திரம் எவ்வாறு உயிர்வாழ்கிறது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். சிலிண்டரினுள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. அது மேலேறும்போது அக்கலவை நெருக்கப்படுகிறது. தக்க கணத்தில் பிளக்கில் தீப்பொறி தோன்றக் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும் பிஸ்டன் எரிந்த வாயுவை வெளியேற்றுகிறது. ஆகவே காற்று, எரிபொருள், நெருக்கல், தீப்பொறி என்னும் நான்கும் உரிய அளவிலும் உரிய நேரத்திலும் அமைந்தால் இயந்திரம் ஓடும். இந்நான்குக்கும் காவலாக நிற்பவை இரண்டு: வெப்பத்தை அகற்றும் நீர், உராய்வைக் குறைக்கும் ஒயில். எந்தப் பழுதும் இந்த ஆறனுள் ஒன்றிலோ, அவற்றைச் செலுத்தும் உறுப்புகளிலோதான் வேர்கொண்டிருக்கும். ஆறு வாயில்களையும் ஒழுங்காகத் தட்டிப் பார்ப்பவர் வழி தவறுவதில்லை.

குறிகளுள் எளிதில் புலப்படுவது புகை. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மாத்திரம் அது தோன்றினால் வால்வுகளின் பக்கமாக ஒயில் கசிகிறதென ஐயுறலாம். வேகம் எடுக்குந்தோறும் தோன்றினால் பிஸ்டன் வளையங்களை ஐயுறலாம். கரும்புகை, எரிபொருள் மிகுந்தது அல்லது காற்றுக் குறைந்தது என்பதற்கு அறிகுறி. வெண்புகை நீராவியாகும். குளிர்ந்த காலையில் சிறிது தோன்றி மறைவது இயல்பே. இயந்திரம் சூடேறிய பின்னும் அது தொடர்ந்து, ரேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே போகுமாயின், சிலிண்டர்த் தலையின் கேஸ்கட் வழியாக நீர் உட்புகுகிறதென எண்ண வேண்டும்.

அடுத்த சாட்சி பிளக். அதனைக் கழற்றி முனையைப் பார்த்தால், அந்தச் சிலிண்டரில் நிகழ்ந்தது எழுதிவைத்தாற்போல் தெரியும். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் எரிபொருள் மிகுதி. ஈரமும் பிசுபிசுப்பும் இருந்தால் ஒயில் ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவு கடந்த வெப்பம். நான்கு பிளக்குகளும் ஒரே நிறமாயின் நோய் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒன்று மாத்திரம் வேறுபடின் அந்த ஒன்றிலேயே தேட வேண்டும். பொதுவா தனியா என்னும் இந்தக் கேள்வியைக் கேட்ட அளவிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது சாட்சி நெருக்கற் சோதனை. பிளக் இருந்த துளையில் அமுக்கமானியைப் பொருத்தி இயந்திரத்தைச் சுழற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு நெருக்குகிறது என்று தெரியும். ஒன்றில் அமுக்கம் குறைந்திருந்தால், அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் உயர்ந்தால் ஒயில் அடைத்த இடமே பழுதான இடம்; அஃதாவது பிஸ்டன் வளையங்கள். உயராவிடின் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறுக. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்திருப்பின் அவற்றுக்கு இடைப்பட்ட கேஸ்கட் எரிந்திருத்தல் கூடும். ஒரு கரண்டி ஒயில், இயந்திரத்தைக் கழற்றும் செலவைத் தடுத்துவிடுகிறது.

இக்காலக் கார்களில் கணினி அமைந்திருக்கிறது. பழுது நேர்ந்தால் விளக்கொன்று எரியும். கருவியைப் பொருத்தினால் குறியெண் தோன்றும். இதனால் பழைய முறை வழக்கொழிந்தது என்று நினைப்பார் உளர். கலவையில் காற்று மிகுந்துள்ளது எனக் கணினி அறிவிக்கலாம். அக்காற்று வெடித்த இறப்பர்க் குழாய் வழியே புகுந்ததா, அல்லது எரிபொருள் குறைந்ததால் காற்று மிகுந்தாற்போல் தோன்றுகிறதா என்பதை அது அறியாது. குறியெண்ணும் ஒரு குறியே. அதைக் கண்டதும் அளவீட்டு உறுப்பை மாற்றிவிடுவது, செய்தி கொண்டு வந்தவனைத் தண்டிப்பது போலாகும்.

இனி டர்போ இயந்திரத்தின் இயல்புக்கு வருவோம். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எரிபொருளை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. அதற்கேற்ற காற்றைச் சிலிண்டருள் புகுத்துவதே அரிது. ஆதலின் இயந்திரத்தின் வலு அது மூச்சிழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சாதாரணக் கார் அங்கே வலுக்குன்றுவதற்கு ஏற்றம் மாத்திரம் காரணமன்று. மூச்சுக் குறைவும் காரணமாகும்.

இக்குறையை நீக்கும் வழியைச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டு உரிமைப்பதிவு செய்தார். எரிந்த வாயு வெளியேறும்போது பெருமளவு ஆற்றலை வீணே சுமந்து செல்கிறது. அதன் வழியில் இதழ்கள் கொண்ட சில்லொன்றை வைத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சில்லை வைத்தால், அது வெளிக்காற்றை இழுத்து நெருக்கி இயந்திரத்துக்கு ஊட்டும். இதுவே டர்போ. 1918ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு விமான இயந்திரமொன்று கொண்டு செல்லப்பட்டுச் சான்போர்ட் மொஸ் என்பவரால் சோதிக்கப்பட்டது. கடல்மட்டத்தில் ஏறத்தாழ 350 பரிவலு தந்த அவ்வியந்திரம் மலையுச்சியில் 230 பரிவலு அளவுக்குத் தாழ்ந்தது. டர்போவைப் பூட்டியதும் இழந்த வலுவை மீளப் பெற்றது.

இந்த நன்மையோடு மூன்று தொல்லைகளும் உடன்பிறந்தன. முதலாவது வெப்பம். 30 பாகைக் காற்றை இரண்டரை மடங்கு அமுக்கத்துக்கு நெருக்கினால் அதன் வெப்பம் 120 பாகைக்கு மேற்செல்லும். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. ஊட்டிய பயனிற் பாதியை அது தானே விழுங்கிவிடும். எனவே டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் இடையே குளிராக்கி ஒன்று தேவைப்படுகிறது.

இரண்டாவது, காலந்தவறிய வெடிப்பு. தீப்பொறியிலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவுவதற்கு முன்னரே, மிகுந்த வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் எஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடலாம். தகரப் பெட்டியினுள் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போன்ற ஒலி அப்போது கேட்கும். அவ்வொலி தொடருமாயின் பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். பிஸ்டன் உருகியதைக் கண்டவர் பிஸ்டன் வலுவற்றது என்பார். உண்மையில் பிஸ்டன் நோயாளி, நோயன்று. எரிபொருள் குறைந்ததா, தீப்பொறி முந்தியதா, குளிராக்கி அடைபட்டதா என்று ஆராயாமல் புதுப் பிஸ்டன் இடுபவர் அதனையும் பலிகொடுப்பார்.

மூன்றாவது தயக்கம். மிதியை அழுத்தியதும் எரிந்த வாயு மிகுந்து, அது சில்லைச் சுழற்றி, சில்லு காற்றை நெருக்கி, அக்காற்று சிலிண்டரை அடைவதற்குக் காலம் செல்கிறது. நிமிடத்துக்கு இலட்சம் தடவைக்கு மேல் சுழல வேண்டிய சில்லு ஓய்விலிருந்து எழுவதற்கு நேரம் வேண்டுமன்றோ? அக்காலப் பந்தயக்காரர் வளைவு முடியும் முன்னரே மிதியை அழுத்தி, வலு வரும் கணத்தை எதிர்நோக்கி வண்டியைத் திருப்பப் பழகினர். கணக்குத் தவறினால் வலு வளைவின் நடுவில் திடீரென வந்து வண்டியைச் சுழற்றி எறியும்.

டர்போ பூட்டிய கார் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதன்முதலாக ஓடியது 1952ஆம் ஆண்டிலாகும். அது கமின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார். பிரெட் அகபாஷியன் அதனை ஓட்டி, தகுதிச் சுற்றுகளில் மணிக்கு 138 மைல் வேகம் கண்டு, முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையையும் பெற்றார். ஆயினும் 200 சுற்றுகள் கொண்ட அப்பந்தயத்தில் 71ஆம் சுற்றோடு கார் நின்றுவிட்டது. டர்போவுக்குக் காற்றுச் செல்லும் வாய் தரைக்கு அண்மையில் தாழ்வாக அமைந்திருந்தது. ஓடுபாதையில் சிதறிய ரயர்த் துணுக்குகளை அது இழுத்து இழுத்து அடைபட்டுப்போயிற்று. குறி வலுவிழந்த இயந்திரம். காரணம் இயந்திரத்துக்கு வெளியே, காற்று வாயில் வைக்கப்பட்ட இடத்தில் இருந்தது.

பொதுமக்களுக்கான கார்களில் டர்போ 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் இடம்பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் என்னும் காரில், காலந்தவறிய வெடிப்பைத் தடுப்பதற்காக நீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒரு கலத்திலிருந்து காற்றோடு தெளிக்கப்பட்டது. கலம் வெறுமையானால் டர்போவின் அமுக்கத்தைக் குறைத்து இயந்திரத்தைக் காக்கும் அமைப்பும் இருந்தது. உரிமையாளர் பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். பின்னர் வலு இல்லையென முறையிட்டனர். தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் அடங்கி ஓடியதைப் பழுதெனக் கொண்டனர். இறுதியில் டர்போவை நீக்கிச் சாதாரணக் காபுறேற்றரைப் பூட்டிக் கொண்டோர் பலராயினர். இக்காலக் கார்களும் அளவுமீறிய வெப்பத்தை உணர்ந்தால் தாமே வலுவைக் குறைத்துக்கொள்வன. திடீரெனக் கார் சோர்ந்தால், அது எதற்கு அஞ்சிச் சோர்ந்தது என்று கேட்பதே முறை.

பழுதாராய்ச்சியின் பொறுமைக்குச் சிறந்த சான்று பிரான்சு நாட்டு றெனோ நிறுவனத்தின் கதையாகும். போர்மியூலா வண் பந்தயத்தில் 1966 முதல் நிலவிய விதி, சாதாரண இயந்திரத்துக்கு மூன்று லீற்றர் கொள்ளளவையும், காற்று ஊட்டப்படும் இயந்திரத்துக்கு ஒன்றரை லீற்றரையும் அனுமதித்தது. பாதி அளவால் முழு அளவை வெல்லுதல் இயலாதென்று பதினொரு ஆண்டுகள் எவரும் டர்போவோடு களமிறங்கவில்லை. 1977ஆம் ஆண்டு யூலை மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் பாதையில் ழான் பியர் ழபூயி என்பவர் றெனோவின் மஞ்சள் நிறக் காரோடு தோன்றினார். அதன் ஆறு சிலிண்டர் இயந்திரம் ஏறத்தாழ 500 பரிவலு தந்தது. தகுதி வரிசையில் 21ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட அக்கார் டர்போ பழுதுற்று இடையிலேயே நின்றது. அடுத்தடுத்த பந்தயங்களிலும் வெண்புகை கக்கி அது ஒதுங்குவதைக் கண்டோர் அதற்கு மஞ்சள் தேநீர்க் கேத்தல் என்று பெயரிட்டு நகைத்தனர்.

நகைப்புக்கு அஞ்சி இயந்திரத்தைக் கைவிட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். பெர்னார் டூடோ முதலிய பொறியியலாளர் ஒவ்வொரு தோல்வியையும் சோதனைக் குறிப்பாகக் கொண்டு, வெப்பத்தையும் தயக்கத்தையும் தனித்தனியே எதிர்த்தனர். காற்றைக் குளிர்விக்கும் முறை திருத்தப்பட்டது. 1979ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் கயலாமிப் பாதையில் ழபூயி வரிசையின் முதலிடத்தைப் பெற்றார். அப்பாதை கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கும் உயரமானது. அங்கே ஏனைய இயந்திரங்கள் மூச்சுத்திணற, டர்போ தன் காற்றைத் தானே தேடிக்கொண்டது. பைக்ஸ் பீக்கில் கண்ட உண்மை பந்தயப் பாதையில் மீண்டும் மெய்ப்பட்டது.

எஞ்சியது தயக்கம். ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட இரு சில்லுகளில், விட்டம் பாதியாகும்போது சுழலத் தயங்கும் தன்மை 32இல் ஒரு பங்காகக் குறையும் என்பது பௌதிக விதி. ஆகவே ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக, மும்மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்கள் அவ்வாண்டிலேயே பூட்டப்பட்டன. 1979 யூலை 1ஆம் நாள் பிரான்சின் டிஜோன் நகர்ப் பாதையில் ழபூயி வெற்றி பெற்றார். போர்மியூலா வண் வரலாற்றில் டர்போக் காரொன்று பெற்ற முதல் வெற்றி அதுவே. முதற் பந்தயத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. கேத்தல் என்று நகைத்தவர்களும் சில ஆண்டுகளுள் டர்போ இயந்திரங்களை நாடினர்.

1983ஆம் ஆண்டு நெல்சன் பிக்கே, பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் டர்போ இயந்திரத்தைக் கொண்டு உலக வாகையரானார். அவ்வியந்திரத்தின் உடல் அந்நிறுவனத்தின் சாதாரணக் கார்களுக்குரிய இரும்பு உடலிலிருந்து தோன்றியது. 1986ஆம் ஆண்டளவில் தகுதிச் சுற்றுகளுக்கென அமுக்கம் ஐந்து பாருக்கு மேலும் உயர்த்தப்பட்டது. அளக்கும் மேடை 1,280 பரிவலுவுக்கு மேல் காட்ட வல்லதாக இல்லாமையால், அதன் உண்மையான வலுவை அமைத்தவர்களே கணித்துத்தான் கூற முடிந்தது. அத்தகைய இயந்திரம் சில சுற்றுகளே உயிர்வாழும்.

இவ்வேகத்துக்கு விதிகள் கடிவாளமிட்டன. பந்தயமொன்றுக்குரிய எரிபொருள் 1984இல் 220 லீற்றர் என வரையறுக்கப்பட்டு, 1986இல் 195 ஆகவும், 1988இல் டர்போக் கார்களுக்கு 150 ஆகவும் குறைந்தது. அமுக்கமும் 1987இல் 4 பார், 1988இல் 2.5 பார் எனத் தாழ்ந்தது. டர்போ இனி வெல்லாதென்று பலர் எண்ணினர். ஹொண்டா நிறுவனத்தினரோ தடையின் தன்மையை ஆராய்ந்தனர். அமுக்கத்தைக் கூட்ட இயலாதெனின், அவ்வமுக்கத்திலேயே எரிதலைச் செவ்வையாக்க வேண்டும் என்று கண்டனர். வெடிப்பை எதிர்க்கும் தொலுயீன் 84 வீதம் கலந்த எரிபொருளைப் பயன்படுத்தினர். தொலுயீன் எளிதில் ஆவியாகாது; ஆதலின் அதனைச் சூடாக்கி உட்செலுத்தினர். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் 15ஐ அவ்வியந்திரம் பூட்டிய மக்லாறன் கார்களே வென்றன. காற்று, எரிபொருள், நெருக்கல், தீப்பொறி என்னும் பழைய நான்கையும் நுணுகி நோக்கியதன் பயன் அது.

1989இல் டர்போ தடைசெய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டு 1.6 லீற்றர் ஆறு சிலிண்டர் இயந்திரங்களோடு மீண்டும் வந்தது. அப்போது டர்போவின் அச்சில் மின்மோட்டார் ஒன்று இணைக்கப்பட்டது. எரிவாயு வந்து சேருமுன்னரே அது சில்லைச் சுழற்றிவிடுவதால், முன்னோரை வருத்திய தயக்கம் அடங்கிற்று.

டர்போ இன்று சிறிய கார்களிலும் வான்களிலும் லொறிகளிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. அதன் பழுதுகளும் குடும்பச் செலவாகிவிட்டன. டர்போ உடைந்தால் புதிது வாங்கப்படுகிறது. சில மாதங்களில் அதுவும் உடைகிறது. நல்ல மெக்கானிக் புதியதைப் பூட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்பார். ஒயில் அதற்குத் தங்குதடையின்றிச் செல்கிறதா? தூசியோ சிறு துணுக்கோ அதனுட் புகுந்ததா? வெளியேறும் ஒயிலுக்கும் வாயுவுக்கும் வழி திறந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை காணாது பூட்டப்படும் புது டர்போ, பழையதன் வழியே செல்லும். வலுக் குறைந்து கரும்புகை எழுந்தால் டர்போவைக் குறைகூறுமுன் காற்று வடியையும், வெடித்த குழாய்களையும், தளர்ந்த பட்டிகளையும் பார்த்தல் வேண்டும். ஏற்றத்தில் கடுமையாக உழைத்த வண்டியை நிறுத்தியவுடனே அணைத்துவிடாது, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுதல் நன்று. சூடேறிய டர்போவில் ஒயில் ஓட்டம் திடீரென நின்றால், அங்கே தேங்கும் ஒயில் கரியாகிப் பேரிங்குகளைக் கெடுக்கும்.

காற்று வடியில் தூசி அடைந்து மேட்டில் இளைத்த காரும், காற்று வாயில் ரயர்த் துணுக்கு அடைந்து இந்தியானாபொலிஸில் நின்ற காரும் ஒரே நோயால் வருந்தியவை. ஒன்றுக்கு மருந்து புதிய வடி. மற்றொன்றுக்கு மருந்து காற்று வாயிலை உயர்த்தி வைத்தல். இரண்டுக்கும் ஆன செலவு சிறிது. அந்தச் சிறு செலவோடு காரியம் முடிவதும், இயந்திரம் முழுவதையும் கழற்றிப் பரப்பும் நிலை வருவதும், காண்பவர் குறியோடு நின்றுவிடுகிறாரா, காரணம் வரை செல்கிறாரா என்பதைப் பொறுத்தது.